ஏழு பேர் போட்ட ஒரே கோட்டு

கொல்லங்கோட்டில் குடை ரிப்பேர் கடை வைத்திருக்கும் நூர்தீன், தாம் பழுதுபார்க்கும் எந்தக் குடையை விடவும் நிமிர்ந்திருப்பார். அறுபத்தாறு வயதிலும் விடிவதற்குள் எழுந்து, நெஞ்சைத் தள்ளிக்கொண்டு, சந்தை வரை லெஃப்ட் ரைட் போட்டு நடந்துவிட்டு வந்துதான் டீ குடிப்பார். கேட்டால், "பட்டாளத்தார் மகனாக்கும்" என்பார். அத்தாவுக்கு ஏன் பென்சன் வரவில்லை என்று கேட்டால் மட்டும், கையிலிருக்கும் குடைக்கம்பியில் ஏதாவது கோளாறு கண்டுபிடித்துவிடுவார்.

நாலு வயதில் அத்தாவைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர் அவர். மிஞ்சியது ஒரு போட்டோ. காக்கிக் கோட்டு, முன்னால் வந்து நிற்கும் நெஞ்சு, பின்னால் திரையில் வரைந்த மலை. தமக்குப் பெண் கொடுத்ததே அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் என்று இன்றும் நம்புகிறார்.

போன மாதம், வாயனசாலையில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் கோகுல்நாத் கடைக்கு வந்தான். ஊர்ப் பட்டாளக்காரர்களின் பழைய போட்டோக்களைச் சேர்த்து ஒரு கண்காட்சி. திறப்பு நாளில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு முன்வரிசையில் நாற்காலி. நூர்தீன் போட்டோவைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போலக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

திறப்புக்கு முதல்நாள் கோகுல்நாத் அவசரமாகக் கூப்பிட்டனுப்பினான். மேசைமேல் ஏழு போட்டோ, ஏழு வீட்டிலிருந்து வந்தவை. ஆள் வேறு வேறு. கோட்டு மட்டும் ஒன்று. இடது பையில் அதே ஒட்டு, மூன்றாவது பொத்தான் மட்டும் அதே வெள்ளை, பின்னால் அதே மலை.

இன்னொரு பட்டாளத்தார் மகனான தோப்புக்காரர் குப்பண்ணன் முன்பே வந்து நின்றிருந்தார்.

"ராவுத்தரே, உங்கத்தா எதுக்குங்க எங்கப்பன் கோட்டப் போட்டிருக்காரு?"

"உங்கப்பனுக்குக் கோட்டுக் கை முழங்கையத் தாண்டல. அது எங்கத்தா கோட்டு."

"அப்ப இந்தக் குண்டான ஆளு? பொத்தானே பூட்டலீங்களே."

கோகுல்நாத் தலையைச் சொறிந்தான். "சந்தைகிட்ட ஒரு ஸ்டூடியோ இருந்துச்சாமுங்க. அந்தக் கோட்டு அங்கயே தொங்குமாம். இதுல யாராச்சும் ஒருத்தரு நெசமாவே போயிருக்கலாமுங்க. அது யாருன்னுதான் தெரீல."

வீட்டில் நூர்தீனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி கௌலத்திடம் சொன்னார். சட்டியில் மீனைத் திருப்பிக்கொண்டிருந்த அவள் தலையைத் தூக்கவில்லை.

"மாமா பட்டாளத்துக்குப் போகலீங்க. சீனாச் சண்டையப்பக் கோயமுத்தூருக்குப் போயி வரிசைல நின்னாராம். நெஞ்சு ஒரு இஞ்சு பத்தலன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். வந்த கையோட போட்டோ புடிச்சுக்கிட்டாராம். மாமிதான் எங்கிட்டச் சொன்னாங்க."

"எப்ப?"

"கல்யாணமாகி மூணாம் மாசம்."

"நாப்பது வருசமா ஏன் சொல்லல?"

"நீங்க பாட்டுக்கு நேரா நடந்துட்டிருந்தீங்க. எதுக்கு வளைக்கறதுன்னு இருந்துட்டேன்."

கோபப்படுவதா வேண்டாமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. இன்னொரு துண்டு மீன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் சந்தை வரை நடக்கும்போது கால் குழம்பியது. லெஃப்ட் போட வேண்டிய இடத்தில் ரைட் வந்தது. கண்காட்சியில் பேர் ஒட்டிய ஏழு நாற்காலிகளும் காலியாகக் கிடந்தன. உரியவர்கள் பின்னால் நின்றார்கள்.

"உக்காருங்க ராவுத்தரே."

"நீங்க மொதல்ல உக்காருங்க."

நூர்தீன் சுவர்ப்பக்கம் நழுவினார். ஆயுள் முழுக்கப் பார்த்த போட்டோதான். ஆனால் கன்னம் லேசாக உப்பியிருப்பதை இன்றுதான் கண்டார். கழுத்தில் ஒரு நரம்பு புடைத்திருந்தது. அத்தா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அளவெடுக்க யாருமே இல்லாத ஸ்டூடியோவில், அந்த ஒரு இஞ்சுக்காக.

தாமும் மூச்சைப் பிடித்திருப்பது அப்போதுதான் உறைத்தது. விட்டார்.

"கோகுலு, கீழ 'ராணுவ வீரர்'னு ஒட்டியிருக்கியே, அத எடுத்துரு."

"வேற என்னன்னுங்க போடறது?"

"பேரு மட்டும் போடு. கோட்டு யாருதுன்னு தெரியாதுன்னும் போடு."

பின்னாலிருந்து குப்பண்ணன் மெதுவாகச் சொன்னார்: "எங்கப்பனுக்கும் அப்படியே போட்டுரு, சாமி."

முன்வரிசையில் உட்காரலாமா கூடாதா என்று நூர்தீனுக்குக் கடைசி வரை விளங்கவில்லை. கடைசி வரிசையில் போய், எப்போதும்போல நேராக உட்கார்ந்தார்.