பம்புக்கு ஆசிட், நெஞ்சுக்கு ஆளி விதை

இதயம் என்பது ஒரு பம்பு செட்டு என்று நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, மெய்யாகவே நம்பினேன். கோயமுத்தூர் கணபதியில் தாய்மாமனின் பட்டறையில் கருகிப்போன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டிருந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? போர்வெல் தண்ணீரின் உப்பு பைப்பின் உள்ளே வெள்ளையாகப் படியும். படியப் படியத் தண்ணீர் சுருங்கும், மோட்டார் திணறும். ஆசிட் விட்டுக் கழுவினால் பைப் பளிச்சென்று ஆகிவிடும். நெஞ்சுக்குள்ளும் அதே கதைதான், உப்புக்குப் பதில் கொழுப்பு, ஆசிட்டுக்குப் பதில் விதை என்றார் மாமா. நானும் ஸ்பானரைக் கையில் பிடித்தபடி தலையாட்டினேன். நெஞ்சுக்கான அந்த ஆசிட், அதாவது விதைப்பொடி, இருந்தது ஒரு காப்பித்தூள் பாட்டிலில். அரக்கு நிற மூடி போட்ட அந்தக் கண்ணாடி பாட்டிலை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், மோட்டாரைத் தூக்கும்போது மாமாவுக்கு நெஞ்சை அடைத்தது. டாக்டர் பார்த்துவிட்டு ரத்தக்கொதிப்பு இருக்கிறது, கொழுப்பும் ஏறியிருக்கிறது என்று மாத்திரை எழுதினார். எப்படி ஏறாமல் இருக்கும்? பட்டறைக்கு எதிரே பேக்கரி. பதினோரு மணிக்கு ஒரு பப்ஸ், நாலு மணிக்கு ஒரு தேங்காய் பன், இரண்டுக்கும் நடுவில் யாராவது பாக்கி கொடுக்க வந்தால் அந்தச் சந்தோஷத்துக்கு இன்னொரு பப்ஸ். மாத்திரையை அவர் ஒரு மாதம் விழுங்கியிருப்பார். அதற்குள் கல்யாண மண்டபத்தில் நடந்த ஒரு இயற்கை வாழ்வுக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். ஆளி விதையும் எள்ளும் கொள்ளும் பூசணி விதையும் வறுத்துப் பொடித்துத் தின்றால் ரத்தக்குழாய் அடைப்பு தானாகக் கரையும் என்று வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் மைக்கில் சொன்னாராம். வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம், "அம்மணி, அந்த மாத்திரையெல்லாம் கெமிக்கலு. தூக்கிச் சாக்கடைல வீசு" என்றார்.

அத்தை "செரிங்க" என்றார். மாமா சொன்ன ஒன்றுக்கு அத்தை சண்டை போடாமல் சரி சொன்னதை நாங்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. எங்களுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அத்தையே விதைகளை வறுத்து அரைத்து பாட்டிலில் நிரப்பினார். காலையில் மோரில் ஒரு ஸ்பூன் கலந்து கொடுப்பதும் அத்தைதான். அந்த டம்ளரை வேறு யாரும் தொடக்கூடாது. சில மாதம் கழித்து டாக்டர் மறுபடி பரிசோதித்தார். கொதிப்பு இறங்கியிருந்தது, கொழுப்பும் குறைந்திருந்தது. "மாத்திரை நல்லா வேலை செய்யுதுங்க, நிறுத்தாதீங்க" என்றார். மாமா பவ்வியமாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, என் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து கணபதி வரைக்கும் சிரித்தார். "மாத்திரையாமா மாப்ளே, மாத்திரை! பாவம், அவரு அப்படி நெனச்சுட்டிருக்காரு!" நானும் சிரித்தேன். வண்டி ஆடியது.

அதன்பின் மாமா ஒரு நடமாடும் பிரசங்கம். மோட்டார் எடுக்க வருகிறவனுக்கும் பாடம், சீர் விசேஷத்தில் பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவனுக்கும் பாடம். எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை, ஆனாலும் பயம் பிடித்துக்கொண்டது. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பேன். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று பார்க்க மாடி ஏறுவேன், மூச்சு வாங்கும், பயந்து உட்காருவேன். முன்ஜாக்கிரதையாக மாமாவின் பொடியைவிட ஒரு படி மேலே போய், எள்ளுருண்டையும் கடலைமிட்டாயும் விதைதானே என்று டப்பா டப்பாவாகத் தின்றேன். பேக்கரி பப்ஸையும் விடவில்லை. ஒரு நாள் நெஞ்சில் ஆணி அடித்தாற்போல வலி. பட்டறை பெஞ்சில் மல்லாந்து படுத்து, மொபெட்டை யார் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவித்துவிட்டுக் கண்ணை மூடினேன். ஆட்டோவில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனார்கள். படியேறும்போது ஒரு ஏப்பம் வந்தது. அதோடு வலி போய்விட்டது. அந்த ஏப்பம் மேட்டுப்பாளையம் வரைக்கும் கேட்டதாக எங்கள் சொந்தத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "விதை நல்லதுதானுங்க. ஆளி விதை, நெலக்கடலை, கொள்ளு எல்லாமே நெஞ்சுக்கு நல்லது. ஆனா பப்ஸுக்குப் பதிலாத் திங்கோணும். பப்ஸும் தின்னு, மேல வெல்லம் போட்டு உருண்டையும் தின்னா எப்படி?" என்றார். நான் பம்பு செட்டு விஞ்ஞானத்தை எடுத்து விட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ரத்தக்குழாய் பிவிசி பைப் இல்லீங்க, உசிருள்ள சதை. கழுவி விட முடியாது. மேற்கொண்டு படியாம பாத்துக்கலாம். அதுக்குச் சாப்பாடும் வேணும், நடையும் வேணும், மாத்திரை எழுதிக் குடுத்தவங்களுக்கு மாத்திரையும் வேணும். ஒண்ணு இருந்தா இன்னொண்ணு வேண்டாம்னு இல்ல."

இதை நான் மாமாவிடம் சொன்னேன். "அவருக்கு யாவாரம் ஆகோணுமல்ல" என்றார்.

சொந்த ஊர் கோபியில் இருந்த அப்பாவிடமும் சொன்னேன். அப்பாவுக்கு முன்பே ஒரு தடவை லேசாக மாரடைப்பு வந்து, மாத்திரையில் இருந்தார். ஆடி நோம்பி விருந்துக்கு அவர் கணபதிக்கு வந்தபோது மாமா ஒரு காப்பித்தூள் பாட்டில் நிறையப் பொடியை அவர் கையில் கொடுத்து, "மச்சான், என்ற ரிப்போர்ட்டப் பாருங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார். அப்பாவின் தங்கையான அத்தை வாசல்வரை வந்து, "அண்ணா, இதத் தின்னுங்க, வேண்டாங்கல. மாத்திரைய மட்டும் உட்டுப்போடாதீங்க" என்றார். "நீ உள்ள போ அம்மணி" என்றார் மாமா. நானும் டாக்டர் சொன்னதை எல்லாம் ஒப்பித்தேன். அப்பா என் தோளில் தட்டி, "ஏப்பத்துக்கு ஆட்டோ வெச்சுட்டுப் போனவன் பேச்சக் கேக்கறதா, ரிப்போர்ட்டோட நிக்கற என்ற மச்சான் பேச்சக் கேக்கறதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கோமாளி என்று பேர் எடுத்தவன் உண்மையைச் சொன்னாலும் அது அடுத்த ஜோக்காகத்தான் போய்ச் சேரும்.

ஐப்பசி மழையில், வாழைத் தோட்டத்தில் தேங்கிய தண்ணீரை வடித்துக்கொண்டிருந்த அப்பா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். காரில் போட்டுக் கோயமுத்தூருக்கு ஓட்டினார்கள். அவிநாசியைத் தாண்டவில்லை.

துக்க வீட்டில் பந்தல் கால் ஓரம் உட்கார்ந்து, வந்தவர்களிடம் மாமா சொன்னது என் காதில் விழுந்தது. "மச்சான் பொடிய ஒழுங்காத் தின்னிருக்க மாட்டாரு. எனக்கெல்லாம் எப்படிக் கேட்டுது!" பெண்கள் பக்கம் இருந்த அத்தை எழுந்து வந்தார். அத்தனை பேர் முன்னாலும் நின்று, "ஏனுங்க, வாய மூடுங்க" என்றார். "உங்களுக்குப் பொடியா கேட்டுது? தெனமும் அந்த மோருல மாத்திரைய நுணுக்கிக் கலக்கிக் குடுத்தவ நானு. நீங்க வீசச் சொன்ன மாத்திரைய, டாக்டர் சீட்டக் காட்டி மாசாமாசம் வாங்குனவ நானு. எங்கண்ணனுக்கு ஆரு கலக்கிக் குடுத்தா?"

 மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அத்தை முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள்மேல் எனக்கு வரும் கோபம் கொஞ்சமல்ல. சொல்லியிருந்தால் அடுத்த நாளே மாமா அந்த மோரைத் தரையில் ஊற்றியிருப்பார். புருஷனை உயிரோடு வைத்துக்கொள்ள ஒரு பெண் திருட்டுத்தனம் செய்ய வேண்டியிருந்தது, அவள் செய்ததன் பலன் வேறொன்றின் பேரில் ஊர் ஊராகப் போனது. விதைகள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பாவம் அவை என்ன செய்யும்? நான் இன்றும் தயிரில் ஆளி விதை போட்டுச் சாப்பிடுகிறேன், பப்ஸ் இருந்த இடத்தில் வேகவைத்த கடலை வந்துவிட்டது, மாத்திரையும் போடுகிறேன். ஆனால் விடிந்தால் செல்போனில் 'அடைப்பு கரைய அற்புதப் பொடி' என்று ஒருவன் அனுப்புகிறான், கைகூப்பும் பொம்மையோடு. அனுப்புகிறவன் வீட்டு மோரில் யார் என்ன கலக்கிறார்களோ! மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, நன்றாக இருக்கிறார். இப்போது மாத்திரையை எல்லோரும் பார்க்கவே விழுங்குகிறார். நலம் கேட்க வருகிறவர்களிடம் மட்டும், "எல்லாம் அன்னைக்குத் தின்ன பொடிதானுங்க" என்கிறார்.

மச்சான் பொடியை ஒழுங்காகத் தின்றிருக்க மாட்டார் என்று அவர் பந்தலில் சொன்னது பொய். காரியம் முடிந்த மறுநாள் அப்பாவின் அலமாரியைத் திறந்தேன். அரக்கு மூடி பாட்டில் அங்கே இருந்தது. அடிவரை வழித்து எடுத்திருந்தார், ஸ்பூன் உள்ளேயே கிடந்தது. அதன் பின்னால், ரப்பர் பேண்டு போட்டபடி, ஒன்றுகூடப் பிரிக்காத மாத்திரை அட்டைகள்.