தண்டு என்று சொல்லிவிட்டேன்

முதலில் வந்தது மூச்சிரைப்பு. நான் பிறந்தது பாபநாசத்துக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில். வேலை கங்கைகொண்டானில். பொங்கலுக்கு ஊர் போனபோது வீட்டுக்கு ஏறும் படிகளில் நாலு முறை உட்கார்ந்தேன். "கீழ போயி சொகுசாயிட்டலே" என்று கேலி செய்தாள், அங்கே கொழுந்து பறிக்கும் என் கூடப்பிறந்த அக்கா பாக்கியம். நானும் அப்படித்தான் நம்பினேன். ஈறில் ரத்தம் கசியும்வரை ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. மலைக்காரர்களே, எல்லா இரைப்புக்கும் ஏற்றத்தைக் குற்றம் சொல்லாதீர்கள்.

நோயின் பெயர் ஏப்ளாஸ்டிக் அனீமியா (எலும்புக்குள் ரத்தம் உற்பத்தியாகும் மஜ்ஜை வறண்டுபோவது). யார் யாருடைய ரத்தமோ எனக்கு ஏறியது. பொருத்தமான ஒருவர் ஸ்டெம் செல் (ரத்த அணுக்களுக்கெல்லாம் மூல அணு) கொடுத்தால் பிழைக்கலாம் என்றார் டாக்டர். பரிசோதனையில் அக்கா பொருந்தினாள்.

போனில் நான்தான் சொன்னேன். ஸ்டெம் என்பதை அவளுக்குப் புரியும்படி தமிழாக்கி, "தண்டுல இருந்து எடுப்பாவளாம்க்கா" என்றேன். "பத்து நாள் குடு, தோட்டத்துல சொல்லிட்டு வாரேன்" என்றாள். தயங்குகிறாள் என்று நினைத்து மனம் கசந்தேன். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

பதினொன்றாம் நாள் வந்தாள். டாக்டர் அறையில் உட்கார்ந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"ஏம்மா, முதுகுத்தண்ட எடுத்த பொறவு நடக்கவாது முடியும்லா? கூடை தூக்க முடியாதுன்னு தெரியும். வேலைய வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுதான் வந்திருக்கேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"முதுகுல கையே வைக்க மாட்டோம்மா. சில நாள் ஊசி போட்டுட்டு, கையில இருந்து ரத்தம் எடுப்போம். தேவையானதைப் பிரிச்சுட்டு மிச்சத்தை உங்களுக்கே ஏத்திடுவோம். நீங்க மறுபடி கூடை தூக்கலாம்."

"ஏலே, இத மொதல்லயே சொல்லதுக்கென்ன? பத்து நாளா சோறு எறங்கலலே!" என்று அக்கா என் தோளில் ஓங்கி அடித்தாள். அடித்த இடம் நீலம் பாய்ந்தது. எனக்குத் தட்டணுக்கள் (ரத்தத்தை உறையவைப்பவை) அவ்வளவு குறைவு. நீலத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவள் அழுதாள்.

மருந்து கொடுத்து என் மஜ்ஜையைக் காலி செய்தார்கள். பிறகு ஒரு பை, அடர் சிவப்பு நிறத்தில், சொட்டுச் சொட்டாக ஏறியது. அவ்வளவுதான் மாற்று சிகிச்சை. அதன்பின் வாயெல்லாம் புண், காய்ச்சல், தனியறை. "மலைக்காத்து குடிச்ச ரத்தம்லா, சீக்கிரம் புடிச்சிரும்" என்றாள் கண்ணாடிக்கு வெளியே நின்ற அக்கா. அந்த அளவு உயரம் ரத்தத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் செய்யாது என்று டாக்டர் சொன்னதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்றாம் வாரம் அணுக்கள் முளைக்கத் தொடங்கின.

தோட்டத்தில் அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், தற்காலிக ஆளாக. நிரந்தர வேலை என் ஒரு சொல்லால் போனது. அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

மாற்று சிகிச்சை நடந்த நாளைப் பூஜ்யம் என்று வைத்து நாட்களை எண்ணுவது ஆஸ்பத்திரி வழக்கம். நானும் இன்னும் அப்படித்தான் எண்ணுகிறேன். பி வகை ரத்தத்தோடு பிறந்தவன், இப்போது அக்காவின் ஓ. ரத்தத்தை மட்டும் சோதித்தால் பெண் என்று வருகிறது. சவரம் செய்யும்போது கன்னம் கீறினால் முன்பெல்லாம் துடைத்துவிட்டுப் போவேன். இப்போது பஞ்சை அழுத்தியபடி நின்றுவிடுகிறேன். அக்காவுடையது, வீணாகக் கூடாது.