பாதி தூக்கிய பிக்கப்

ஜொகூரில் லாயாங் லாயாங் ஊர்ச் சபாபதி தம்முடைய அறுபத்தொரு வயதுக்குள் தாமாக ஒரு முடிவும் எடுத்ததில்லை. பிறப்பதைக்கூட இரண்டு நாள் யோசித்துத்தான் செய்தார். வலி வந்தது வெள்ளிக்கிழமை, பிள்ளை வந்தது ஞாயிற்றுக்கிழமை. பெண் பார்க்கப் போன இடத்தில் பிரேமலாவைப் பார்த்துவிட்டு "சொல்லி அனுப்புறேன்" என்று வந்தவர், பதினான்கு மாதம் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. கடைசியில் பிரேமலாவே பஸ் ஏறி வந்து வாசலில் நின்று, "நீங்க யோசிச்சிக்கிட்டே இருங்க, நான் உள்ள வந்து உக்காந்துக்கிறேன்" என்றார். சாப்பாட்டுக் கடையில் தேநீரா காப்பியா என்று அவர் நிற்கும் நிற்பைப் பார்த்துப் பொறுக்காமல் கடைக்காரர் இரண்டையும் ஒரே குவளையில் கலந்து நீட்டிவிடுவார். அதைத்தான் முப்பது வருசமாகக் குடிக்கிறார்.

அவரிடம் ஒரு பழைய பிக்கப் உண்டு. நான்கு சக்கரமும் இழுக்கும், சேற்றைக் கண்டு பயப்படாது. வாரத்தில் ஆறு நாள் அதில் வாழைத்தார் குளுவாங் சந்தைக்குப் போகும். வருசத்தில் ஒரு நாள் மாரியம்மன் போவாள். பத்தொன்பது வருசமாகத் தை மாதத் திருவிழாவில் அம்மன் ஊர்வலம் வருவது அந்த பிக்கப்பின் முதுகில்தான். ஆஸ்தி, பதவி, பட்டம் எதுவும் இல்லாத சபாபதிக்கு ஊரில் இருந்த ஒரே பெருமை அதுதான்.

ஊர்வலம் கோவிலிலிருந்து கீழ் லயத்துத் தொழிலாளர் வீடுகளுக்குப் போக வேண்டும். நடுவில் ரயில் பாலம். பாலத்துக்கு அடியில் சாலை பள்ளமாக இறங்கி ஏறும். கோவில் பக்கமிருந்து உயரமான லோரிகள் நுழைந்து பாலத்தை இடித்துவிடாமல் இருக்க, இறக்கம் தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு மஞ்சள் இரும்புக் கம்பி கட்டியிருக்கிறார்கள். அம்மனின் கிரீடம் அந்தக் கம்பிக்கு அடியில் நாலு விரல் இடைவெளியில் நுழைந்து போகும். மழைக்காலத்தில் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். வேறு வழியில் போகலாம் என்றால் இருபது கிலோமீட்டர் சுற்று, அதற்குப் போலீஸ் பெர்மிட்டும் கிடையாது.

போன வருசம் தண்ணீர் முட்டிக்கு மேல் நின்றது. பள்ளத்தின் நட்டநடுவில் பிக்கப்பின் எஞ்சின் தண்ணீர் குடித்து நின்றுவிட்டது. அம்மன் மூன்று மணி நேரம் பாலத்துக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தாள். மேலே நான்கு ரயில்கள் போயின. ஒரு கெளுத்தி மீன் நீந்தி வந்து ஐயரின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனதாகவும் சொல்கிறார்கள். நான் அதைப் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

இந்த வருசம் கார்த்திகையிலேயே கோவில் தலைவர் வீரமுத்து கூட்டம் போட்டார்.

"அண்ணே, ஒண்ணு உங்க வண்டியத் தூக்கணும். இல்லாட்டி ரூபேந்திரன் வண்டிய வெச்சிக்கலாம்."

ரூபேந்திரன் பட்டணத்துப் பக்கம் பெர்மாஸ் ஜெயாவில் இருக்கிற பையன். அவனுடைய பாட்டன் இந்த ஊர்க்காரர். அவனும் ஒரு பிக்கப் வைத்திருந்தான். லிஃப்ட் கிட் போட்டு, அதாவது சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவில் உயரமான ஸ்பிரிங்குகளை மாட்டி, அதை ஒரு பரண் உயரத்துக்குத் தூக்கியிருந்தான். கூரைமேல் பன்னிரண்டு விளக்கு. சேற்றுக்கென்றே செய்த அந்த வண்டி அதுவரை சேற்றைப் படத்தில்தான் பார்த்திருந்தது.

"தூக்குனா கம்பி இடிக்குமே, தம்பி," என்றார் சபாபதி.

"கிரீடத்தக் கழட்டிடலாம்" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். அத்தனை பேரும் திரும்பி முறைத்ததில் அந்த யாரோ இன்றுவரை யார் என்று தெரியவில்லை.

"கம்பியோ தண்ணியோ, தை பொறக்கறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க, அண்ணே" என்று வீரமுத்து கூட்டத்தை முடித்தார்.

முடிவு! சபாபதியிடமே கேட்டார்கள், பாவிகள்.

அவர் அன்றிலிருந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டார். தபால்காரரைக் கேட்டார். தடுப்பூசி போட வந்த நர்ஸைக் கேட்டார். மகள் ஷர்மினியைச் சிங்கப்பூருக்குப் போன் போட்டுக் கேட்டார். "அப்பா, நான் மீட்டிங்ல இருக்கேன்" என்றாள். அதையும் ஒரு கருத்தாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தார்.

வொர்க்‌ஷாப் ஆ லோக்கிடம் போனார். ஆ லோக் சீனன்தான், ஆனாலும் தோட்டத்தில் பிறந்து லயத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவன், தமிழ் நன்றாகப் பேசுவான்.

"நாலு இஞ்ச் தூக்குனா தண்ணி ஓகே லா, அண்ணே. ஆனா கம்பி ஓகே இல்ல. தூக்கலன்னா கம்பி ஓகே, தண்ணி ஓகே இல்ல."

"அப்ப நான் என்னா செய்யறது?"

"நீங்கதான் சொல்லணும். நான் நட்டு முடுக்கறவன்."

வீட்டில் பிரேமலா தெளிவாக இருந்தார். "இப்பவே ஒரு ஸ்டூல் போட்டுத்தான் ஏறுறேன். இன்னும் நாலு இஞ்ச் தூக்குனீங்கன்னா, எனக்கு ஏணி வாங்கிக் குடுங்க. இல்ல, அம்மன் பக்கத்துலயே என்னையும் கயிறு கட்டித் தூக்கி வெச்சிருங்க."

வேறு வழியில்லாமல் சபாபதி அம்மனிடமே பூ கேட்பது என்று கிளம்பினார். பழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சன்னதியில் போட்டு, விஷயம் தெரியாத ஒருவரை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் செய்யாதே. விஷயம் தெரியாதவர் ஊரில் ஒருவரும் மிச்சமில்லை. அதனால் ஆ லோக்கையே கூட்டிப் போனார்கள். லிஃப்ட் கிட் விற்கிறவன் எடுக்கலாமா என்று வீரமுத்து கேட்டதற்கு, "நம்ம கைதான் ஒரு பக்கம் சாயும், ஆ லோக்கோடது நட்டு முடுக்கற கை" என்றார் ஐயர்.

ஆ லோக் செருப்பைக் கழற்றி, கையெடுத்துக் கும்பிட்டு, ஒரு பொட்டலத்தை எடுத்தான். ஐயர் பிரித்தார்.

உள்ளே ரோஸ் நிறத்தில் ஒரு பூ இருந்தது.

பிரேமலாதான் எட்டிப் பார்த்துச் சொன்னார். "சாமி, நீங்க குங்குமம் எடுத்த கையக் கழுவாம வெள்ளப் பூவ மடிச்சிட்டீங்க. இன்னொண்ணப் பிரிங்க, செவப்பா இருக்கும். இது வெள்ளதான்."

இன்னொன்றைப் பிரித்தார்கள். சிவப்பாகத்தான் இருந்தது. அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

ஆனால் சபாபதியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தன்னைப் போலவே முடிவெடுக்க முடியாத ஒரு தெய்வத்தை அவர் முதல் தடவையாகச் சந்திக்கிறார். "வெள்ளையும் இல்ல, செவப்பும் இல்ல. ஆத்தா பாதி சொல்றா. பாதி தூக்குன்றா!"

"ரெண்டு இஞ்ச்சா?" என்றான் ஆ லோக்.

"இல்லடா. பாதி வண்டி. முன்பக்கம் மட்டும்."

ஆ லோக் தரையில் ஒரு ஆணியால் படம் கீறிப் பார்த்தான். எஞ்சின் இருப்பது முன்னால், அது தண்ணீருக்கு மேலே நிற்கும். அம்மன் இருப்பது பின்னால், அவள் உயரம் ஏறாது. "அலமாக்," என்று வியந்தான், "இது சரியா வருது, அண்ணே."

அப்படித்தான் அந்த பிக்கப் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. கிளம்பப் போகும் ஆகாய விமானம் மாதிரி. ஓட்டுகிறவருக்குச் சாலை தெரியாது, வானம் தெரியும். அதன் விளக்கைப் போட்டால் தென்னை மரத்தில் இளநீர் எண்ணலாம். முதல் வாரம் சந்தைக்குப் போகும் வழியில் மூன்று வாழைத்தார் பின்னால் உருண்டு விழுந்து, பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டே குளுவாங் வரைக்கும் வந்து சேர்த்தார். அம்மனை வழக்கம்போல முன்பக்கம் பார்க்க ஏற்றியபோது அவள் சாய்வு நாற்காலியில் சாய்ந்த தோரணையில் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆத்தா இப்பத்தான் ஓய்வா இருக்கா" என்று கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிரேமலாவின் ஸ்டூல் பிரச்சினையும் தீர்ந்தது. பின்பக்கம் தாழ்வாக இருந்ததால் அவர் அம்மனோடு ஏறிக்கொண்டார்.

திருவிழா அன்று மத்தியானம் மழை விட்டிருந்தது. பள்ளத்தில் தண்ணீர், போன வருசத்தை விட இரண்டு விரல் கூட. ரூபேந்திரனும் தன் வண்டியோடு வந்திருந்தான். வீரமுத்து அவனைத் தயாராக நிற்கச் சொல்லியிருந்தார்.

சபாபதி மெல்ல இறக்கத்துக்கு வந்தார். அங்கேதான் யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று தெரிந்தது. தட்டையான இடத்தில் மூக்கு தூக்கி நின்ற வண்டி, இறக்கத்தில் மூக்கு தாழ்ந்து, பின்பக்கம் மேலே வந்தது. முன்பக்கத்தோடு பீடமும் கொஞ்சம் ஏறியிருந்தது சாய்வில் தெரியவில்லை, இப்போது அம்மன் விறுவிறுவென்று நிமிர்ந்தாள். கிரீடம் கம்பிக்கு நேராக வந்து நின்றது.

"நிறுத்துங்க!" என்று பிரேமலா கூரையைத் தட்டிய தட்டில் மேளமே நின்றது.

சபாபதி வண்டியைச் சாலையோரத்து மைதானத்துப் பக்கம் எடுத்து ஒதுக்கினார்.

"அங்கிள், நீங்க ரெஸ்ட் எடுங்க. நான் முதல்ல போய்த் தண்ணி ஆழம் பாக்குறேன். அப்புறம் அம்மன என் வண்டில மாத்திக்கலாம்" என்று ரூபேந்திரன் எஞ்சினை உறுமவிட்டுப் புறப்பட்டான். ஆழம் பார்க்கத் தண்ணீர் வரை போக வேண்டும். அவன் கம்பி வரைதான் போனான். படபடவென்று ஒரு சத்தம். பன்னிரண்டு விளக்கில் ஐந்து கீழே விழுந்தன, மீதி ஏழும் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டன.

வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு ஜொகூரில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் ஒரே சொல்தான். கூட்டம் முழுக்க அதையே கத்தியது. "கோஸ்தான்! கோஸ்தான்!"

ரூபேந்திரன் மேட்டில் பின்னோக்கி ஏறி வந்தான். சபாபதி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வீரமுத்து ஓடி வந்தார்.

"அண்ணே, இப்ப என்னா செய்யறது?"

சபாபதி யாரையும் கேட்கவில்லை. வண்டியில் ஏறி மைதானத்தில் ஒரு வட்டம் அடித்துத் திருப்பினார். பின்பக்கத்தை இறக்கத்துக்குக் காட்டி நிறுத்தினார்.

"பொறப்படுவோம்," என்றார். "கோஸ்தான்லயே."

பின்பக்கம் தாழ்ந்து இறங்க இறங்க, மூக்கு வானத்தைப் பார்த்து ஏறியது. அம்மன் சாய்ந்தாள், இன்னும் சாய்ந்தாள், ஏறக்குறைய படுத்தே விட்டாள். கிரீடம் கம்பிக்கு ஒரு முழம் கீழே போனது. தண்ணீர் பின்சக்கரத்தை மூடியது, எஞ்சின் மேலே காய்ந்த இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது. சபாபதி கழுத்தை முழுசாகத் திருப்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். சாலை தெரியவில்லை. கண்ணாடி நிறைய அம்மன் முகம்தான். பத்தொன்பது வருசம் அவளுக்கு முதுகைக் காட்டியே ஓட்டியவர், அன்றுதான் அவளை முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பிரேமலா அம்மன் பக்கத்தில் நின்று "எடது! எடது! உங்க எடது இல்ல, என் எடது!" என்று வழி சொன்னார்.

பின்னால் நடந்து வந்த சனங்களுக்கும் அப்படித்தான். எப்போதும் அம்மனின் முதுகையும் மின்விளக்கு வயரையும் பார்த்துக்கொண்டு நடப்பவர்கள், இப்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தண்ணீரில் இறங்கினார்கள். "ஓம் சக்தி" என்று தொடங்கிய கோஷம் பாதிப் பள்ளத்தில் "கோஸ்தான்! கோஸ்தான்!" என்று மாறியதை ஐயர் உட்பட ஒருவரும் திருத்தவில்லை.

கீழ் லயத்தில் ஆரத்தித் தட்டோடு காத்திருந்த பெண்கள்தான் திகைத்துப் போனார்கள். முதலில் வந்து சேர்ந்தது அம்மனின் முதுகு.

"ஐயோ, ஆத்தாளுக்கு நம்ம மேல என்னா கோவமோ, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வர்றாளே!"

"கோவம் இல்லக்கா, கோஸ்தான்" என்றார் பிரேமலா. "அந்தப் பக்கமா சுத்தி வாங்க."

வீரமுத்து அங்கேயே, தண்ணீர் சொட்டச் சொட்ட, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். இனிமேல் அம்மன் சபாபதி அண்ணன் வண்டியில்தான், அதுவும் இப்படித்தான். ரூபேந்திரன்தான் முதலில் கை தட்டினான். சபாபதி வண்டியை விட்டு இறங்கினார். கழுத்து திரும்பிய இடத்திலேயே பிடித்துக்கொண்டது. பரிவட்டம் கட்ட வந்த ஐயர் அவரை இரண்டு தடவை சுற்றி வந்து, நெற்றி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துக் கட்டினார்.