முத்திரை ஆய்வாளரும் நூறு கிலோ பலகையும்

"முத்திரை ஆய்வாளர் என்பவர், எந்த எடையையும் அதன்மேல் எழுதியிருப்பதை நம்பி ஏற்காதவர். நேரில் நிறுத்து, சரியெனக் கண்ட பின்னரே முத்திரையிடுபவர். வணிகரின் பணிவுக்கும் சினத்துக்கும் ஒருங்கே செவிசாய்க்காதவர்."

சண்முகசுந்தரம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சி வகுப்பில் எழுதிக்கொண்ட பணி விளக்கம் இது. இன்னமும் மனப்பாடமாகச் சொல்வார். சொல்லும்போது பெரும்பாலும் ரப்பர் விரிப்பின்மேல் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். தலைமாட்டில் ஓர் இரும்பு பிளேட் கிடக்கும். அதில் வெள்ளை பெயின்ட்டால் இருபது என்று எழுதியிருக்கும். அதை அவர் அப்படியே நம்புவார்.

மாம்பழச்சாலையில் டயர் கடை ஒன்றின் மாடியில் இருக்கிறது எங்கள் ஜிம். காலை ஐந்தரைக்கு வரும் கூட்டத்தில் ஒருவருக்கும் போட்டிக்குப் போகும் உத்தேசம் கிடையாது. போட்டி எங்களைத் தேடி மாடியேறி வந்தால்கூட, கீழே டயர் கடையில் விசாரிக்கச் சொல்லி அனுப்பிவிடுவோம். டாக்டர் பயமுறுத்தி வந்தவர்கள் பாதி, சம்சாரம் பயமுறுத்தி வந்தவர்கள் மீதி. ஆனாலும் மனிதன் பணம் கட்டி இரும்பைத் தூக்கினால், தான் வளர்கிறோமா என்று தெரிந்தாக வேண்டும். ஸ்ரீரங்கத்தில் வடகலை, தென்கலை இருப்பதுபோல எங்களிடமும் இந்த விஷயத்தில் கலைகள் உண்டு. கண்ணாடி முன்னால் பனியனைத் தூக்கிப் பார்ப்பவர்கள் ஒரு கலை. தையல்காரரிடம் சட்டைக்கு அளவு கொடுக்கிற சாக்கில் மார்பை அளந்துகொள்பவர்கள் இன்னொரு கலை. கல்யாண மண்டபத்தில் யாராவது "என்னங்க இப்படி இளைச்சுட்டீங்க, சுகர் பாத்தீங்களா?" என்று கேட்டால், அன்றைக்கு மொய்யைக் கொஞ்சம் கூட்டி எழுதுகிறவர்களும் உண்டு.

நான் மலைக்கோட்டைக் கலையைச் சேர்ந்தவன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப் பிள்ளையார்வரை ஏறி, வழியில் எத்தனை இடத்தில் நின்றேன் என்று பார்ப்பேன். தாயுமானவர் சன்னிதியில் நிற்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அது பக்தி. குகைக்கு எதிரே நிற்பதையும் சேர்ப்பதில்லை. அது வரலாற்று ஆர்வம். இந்தக் கணக்குப்படி நான் இதுவரை ஓரிடத்திலும் நின்றதில்லை. கல்லூரியில் நான் நடத்துகிற பாடம் புள்ளியியல்.

சண்முகசுந்தரம் ராடுக் கலை; இரும்புக் கம்பியில் எத்தனை கிலோ பிளேட் மாட்டித் தூக்குகிறோம் என்பதுதான் அவருக்கு அளவு. கண்ணாடியை நம்பமாட்டார். அதற்கு நியாயமும் உண்டு. லால்குடிக்காரருக்கு வயது ஐம்பத்துநான்கு. கால் இரண்டும் ஒடுக்கம், வயிறு மட்டும் தாராளம். பார்ப்பவர்களுக்கு ஜிம்முக்குப் பணம் கட்டுகிறவராகத் தோன்றமாட்டார். ஜிம்மில் ஏதோ பாக்கி வசூலிக்க வந்தவராகத் தோன்றுவார். தன்னைப் பற்றி அவருக்கும் பெரிய மயக்கம் இல்லை. "எங்க ஊர்ல மூட்டை தூக்குனா கூலி குடுப்பாங்க. நான் ஒருத்தன்தாங்க காசும் கட்டி, தூக்கியும் குடுத்துட்டு, எடுத்த எடத்துலயே வெச்சுட்டு வரேன்" என்பார்.

மயக்கமெல்லாம் பலகையில்தான் இருந்தது. ஜிம் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. நூறு கிலோவைத் தரையிலிருந்து இடுப்புவரை தூக்கி நிமிர்ந்தவர்களின் பெயரை அதில் பெயின்ட்டால் எழுதிவைப்பார் எங்கள் மாஸ்டர் தர்மராஜ். மொத்தம் பதினோரு பெயர். பன்னிரண்டாவதாகத் தன் பெயர் வரவேண்டும் என்பது சண்முகசுந்தரத்தின் மூன்று வருட ஆசை. காரணம் கேட்டதற்கு ஒருநாள் சொன்னார்: "முப்பது வருஷமா முத்திரை குத்துறேன். காந்தி மார்க்கெட்ல பாதித் தராசுல நான் குத்துனதுதான் இருக்கு. அதுல நம்பர் வரும், வருஷம் வரும். எம் பேரு வராதுங்க."



ஆனால் அவர் தொண்ணூறிலேயே நின்றுவிட்டார். ராடு இருபது கிலோ, அதன் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் இருபதும் ஒரு பதினைந்தும். அதை மூன்று முறை தூக்குவார். அதற்குமேல் ஒரு சின்ன பிளேட் ஏற்றினாலும் ராடு தரையோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டிலும் மதிப்பில்லை. நூறு கிலோ என்றால் எவ்வளவு என்று மனைவிக்குப் புரியவைக்க, "நம்ம கேஸ் சிலிண்டர் மூணு, அதுக்கும் மேல" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் உடனே, "அப்ப கீழ வந்து இறங்கியிருக்கிற ஒண்ண மாடிக்குத் தூக்கிட்டு வாங்க" என்றாராம். இவர் முதுகு வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

இந்த நிலையில் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் ஜிம்மில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லா பிளேட்டையும் இறக்கி, துருவைச் சுரண்டி, கறுப்பு பெயின்ட் அடிப்பது வழக்கம். காய்ந்ததும் வெள்ளையில் எண் எழுதி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைப்பார்கள். அன்றைக்கு யாரும் இரும்பைத் தொடக்கூடாது. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் நாங்கள் விதியை முழுமையாகக் கடைப்பிடிப்போம். பிளேட்டெல்லாம் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பட்டறையில் வார்த்தவை. பெரியதாக இருப்பது கனமாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் அவற்றுக்கு இல்லை. எந்தப் பிளேட் எத்தனை கிலோ என்பது அதன்மேல் எழுதியிருக்கும் எண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அந்த எண்ணைத்தான் வருடாவருடம் சுரண்டி எடுத்துவிடுவோம்.

விஜயதசமிக்கு அடுத்த நாள் காலையில் சண்முகசுந்தரம் வந்தபோது, இருபது என்று எழுதிய பிளேட் நான்கு சுவரோரம் சாய்ந்திருந்தன. அவர் நான்கையும் ராடில் ஏற்றினார்.

"மாஸ்டர், நூறு ஏத்திட்டேன். பாத்துட்டு இருங்க."

"ஏத்துறது யாரு வேணா ஏத்தலாம் சார். எடுங்க!"

குனிந்தார். பிடித்தார். முகம் செங்கல் நிறமானது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது; கீழே டயர் கடைக்காரர் ஷட்டரைப் பாதியில் நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். ராடு முழங்காலைத் தாண்டியது. இடுப்புக்கு வந்தது. சண்முகசுந்தரம் நிமிர்ந்து நின்றார். இறக்கிவைத்ததும் ரப்பர் விரிப்பில் மல்லாந்தார். மறுநாள் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தார். அதற்கு மறுநாள் பலகையில் பெயர் ஏறியது. ஜிம்முக்கு லட்டு வந்தது. சிலிண்டரைத் தூக்காததற்கு இப்போது அவரிடம் உண்மையான காரணம் இருந்தது.

அந்த வாரம் அவருக்கு மட்டுமே நல்ல வாரம் என்று சொல்லமுடியாது. எல்லோருக்கும் ஏறியது. படுத்தபடி நெஞ்சுக்கு மேலே தள்ளுவதில் ஐம்பதைத் தாண்டாத நான் அறுபதைத் தள்ளினேன். ஒரு மாதமாகக் காலையில் குடித்துவந்த கம்பங்கூழ்தான் காரணம் என்று வகுப்பில் ஓர் உதாரணமாகவே சொன்னேன். பாலக்கரையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் வசீம், தனது முன்னேற்றத்துக்குப் புது இடுப்பு பெல்ட்டைக் காரணம் காட்டினார். பதினைந்து என்று எழுதிய பிளேட் இரண்டு பூஜைக்கு முன்புவரை இருந்தனவே, அவை எங்கே போயின என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

ஊரில் இல்லாத டெல்பின் பத்து நாள் கழித்து வந்தார். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களில் ஒழுங்காகத் தூக்குகிறவர் அவர் ஒருவர்தான். எல்லோரும் ஆளுக்கொரு பெருமை சொல்லி முடிக்கும்வரை ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரே வாரத்துல எல்லாருக்கும் வந்துச்சா?"

"எல்லாருக்கும்தான் சிஸ்டர்" என்றேன் பெருமையோடு.

"எங்க ஆஸ்பத்திரியில அதுக்குப் பேரு பலம் இல்ல சார், தொத்து வியாதி."

சிரித்தோம். பிறகு ஒருவர் பின் ஒருவராகச் சிரிப்பை நிறுத்தினோம். ஒவ்வொருவர் கண்ணாகச் சுவரோரம் போனது. நான்கு இருபது. பதினைந்து இல்லை. தர்மராஜ் தலையைச் சொறிந்தார்.

"பெருசா இருந்துச்சு, அதான் இருபதுன்னு எழுதியிருப்பேன்... தப்பா இருக்காதுங்க. இருந்தாலும் இப்ப என்ன கெட்டுப்போச்சு?"

எல்லோரும் சண்முகசுந்தரத்தைப் பார்த்தோம். ஜில்லாவிலேயே இதைத் தீர்த்துச் சொல்லத் தகுதியானவர் அவர்தான். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "விக்கிற எடைக்குத்தாங்க சட்டம். தூக்குற எடைக்கு இல்ல" என்றார்.

சட்டப்படி அது சரியாகக்கூட இருக்கலாம். நாங்கள் மிகுந்த நிம்மதியோடு அதை ஒப்புக்கொண்டோம். எனக்கும் அந்த அறுபதை விட மனமில்லை. ஒரு வாரத்துத் தரவை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கினேன். கம்பங்கூழ் விஷயத்தில் இந்த ஜாக்கிரதை எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் சண்முகசுந்தரம் மாறிவிட்டார். உள்ளே வரும்போது பலகைப் பக்கம் பார்க்காமல் வந்தார். இருபதைத் தொடாமல் சின்ன பிளேட்டுகளை வைத்துக் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அவரைச் சீண்டியது வசீம். கெட்ட எண்ணத்தில் இல்லை. டீ குடிக்கும்போது சும்மா சொன்னதுதான்.

"சார், போன வருஷம் என் கடைத் தராசுல நீங்க குத்துன முத்திரைக்குத் தேதி தாண்டிருச்சுன்னு கேஸ் எழுதுனீங்கல்ல? தராசு சரியாத்தானே இருக்குன்னு கெஞ்சுனேன். என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு பாய்."

"'சரியா இருக்கலாம், எனக்குத் தெரியாதுல்ல'ன்னீங்க." வசீம் டம்ளரை வைத்துவிட்டுப் பலகையைப் பார்த்தார். "நல்லாத்தான் எழுதியிருக்காரு மாஸ்டர். கையெழுத்து அழகு."

சண்முகசுந்தரம் டீயைப் பாதியில் வைத்துவிட்டார்.

"பாய், நாளைக்குக் காலையில அந்தத் தராசைக் கொண்டு வர முடியுமா?"

"உங்க ஆபீஸ்ல இல்லாத தராசா?"

"அது சர்க்கார் சாமான். எம் முதுகு எனக்குச் சொந்தம்."

மறுநாள் வசீம் ஆட்டோவில் தராசை ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டு பேர் அதை மாடிக்குத் தூக்கிவந்தார்கள். ஜிம் உறுப்பினர்கள் வேடிக்கை பார்த்தோம். சண்முகசுந்தரம் முதலில் குனிந்து தராசின் பக்கவாட்டில் தான் குத்திய முத்திரையைப் படித்தார். தேதி சரியாக இருந்தது. ஒவ்வொரு பிளேட்டாக வைத்தார். இரண்டு இருபது, இருபதாக இருந்தன. மற்ற இரண்டு இருபதும் பதினைந்து காட்டின.

விஜயதசமிக்குப் பிறகு அவர் செத்துப்பிழைத்துத் தூக்கிய நூறு, அதற்கு முந்தின வாரம்வரை மூன்று முறை தூக்கிவைத்த அதே தொண்ணூறு. அதே பிளேட், அதே ராடு. எழுத்தில் நூறு என்று ஆனதும் ஒரு முறைக்குமேல் முடியவில்லை, ஒத்தடம் வேறு. எனது அறுபதும் அப்படியே பழைய ஐம்பதுதான். கம்பு பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.

"சரி, விடுங்க சார்" என்றார் தர்மராஜ். "பிளேட்டைத் திருத்தி எழுதிர்றேன்."

சண்முகசுந்தரம் நகரவில்லை. ராடைக் கையில் எடுத்தார்.

"சார், சார், ராடு வேணாம்!" தர்மராஜ் ஓடிவந்தார். "ராடு இருபது சார்! உலகம் பூரா ராடு இருபது!"

"நிறுத்துப் பாத்தீங்களா மாஸ்டர்?"

"கடைக்காரர் சொல்லித்தானே வாங்குனேன்!"

"அவர் நிறுத்துப் பாத்தாரா?"

தராசு பதினெட்டு காட்டியது. அந்த இரண்டு கிலோ எங்கள் எல்லோருடைய எல்லாக் கணக்கிலும் இருந்து ஒரே நேரத்தில் கழிந்தது. பலகையில் இருந்த பதினோரு பேரும், அங்கே இல்லாத நிலையிலேயே இளைத்துப்போனார்கள். "பாவி மனுஷா" என்றார் பின்னால் யாரோ. டெல்பின் மட்டும் தனது கணக்கைப் போனில் இரண்டிரண்டாகக் குறைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

சண்முகசுந்தரம் கீழே டயர் கடைக்குப் போய்க் பெயின்ட் கரைக்கிற தின்னர் கொஞ்சம் வாங்கிவந்தார். துணியில் நனைத்துப் பலகையில் தன் பெயரைத் துடைத்தார். பெயர் நீளம் என்பதால் நேரம் பிடித்தது. மேலே இருந்த பதினொன்றை அவர் தொடவில்லை. "அது அவங்க சொல்ல வேண்டியதுங்க" என்றார்.

"சார், அந்தப் பேரு எடம் அப்படியே இருக்கட்டும். வேற யாருக்கும் எழுத மாட்டேன்" என்றார் தர்மராஜ்.

"எழுதுங்க மாஸ்டர். தூக்குனா எழுதுங்க."

கையில் இருந்த தின்னர் வாடையைக் கழுவிவிட்டு வந்தார். ராடைத் தரையில் வைத்து, பக்கத்துக்கு ஓர் இருபதும், இருபது என்று எழுதிய ஒரு பதினைந்தும் ஏற்றினார். பெல்ட்டை இறுக்கினார். வசீம் தராசைக் கட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

அன்று காலை சண்முகசுந்தரம் எண்பத்தெட்டு கிலோவை நான்கு முறை தூக்கினார்.