தை முகூர்த்தத்தில் எத்தனை வாசக்கால்?

அடுத்த ஜூனில் அப்பா ஓய்வு பெறுகிறார். ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். வேப்பம்பட்டில் வாங்கிப் போட்ட மனையில் அதற்குள் வீடு எழும்ப வேண்டும். பாலிடெக்னிக் கடைசி வருடத்தில் இருந்த எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கார்த்திகையில் மேஸ்திரி பேச வந்தபோது, அப்பா வாய் திறக்கும் முன்பே கலவை என்ன கணக்கு, கம்பி எந்தக் கனம், சுவருக்குத் தண்ணீர் எத்தனை நாள் என்று அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் தயங்காமல் பதில் வந்தது. அதுதான் உறுத்தியது.

"நீங்க கட்டின வீடு ஒண்ணைப் பார்க்கணும்."

"இன்னா தம்பி, பொண்ணு பாக்கறா மாதிரி கேக்குறே. போய்ப் பாரேன்."

மறுநாளே அவர் சொன்ன வீட்டைப் பார்க்க ரயிலேறினேன். சுவரில் ஒரு விரிசல் இல்லை. குறை ஏதாவது உண்டா என்று வீட்டுக்கார அம்மாளைக் கேட்டேன்.

"வேலை சுத்தம்பா. ஆனா தை முகூர்த்தத்துல வாசக்கால நட்டுட்டுப் போனவரு, சித்திரைலதான் திரும்பி வந்தாரு. செவுரே இல்ல, வாசக்கா மட்டும் நின்னுகினு இருந்துச்சு. மேய வந்த ஆடுங்ககூட மரியாதையா அது வழியாத்தான் போச்சுங்க."

நாங்களும் தை முகூர்த்தம்தான் குறித்திருந்தோம். மேஸ்திரி மறுபடி வந்ததும் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு எங்களுது இல்லாம வேற எத்தனை வாசக்கால் நடுறீங்க?"

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "நாலு. எல்லாரும் அதே நாளைக் கேட்டா நான் இன்னா பண்றது, நைனா?"

"அப்புறம் ஆளுங்க?"

"பிரிச்சுத்தான் உடணும்."

"மார்கழியில ஆரம்பிச்சா?"

"மார்கழில எவன் ஊடு ஆரம்பிப்பான்? ஆளுங்க மொத்தப் பேரும் சும்மா குந்திகினு கீறானுங்க."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். பஞ்சாங்கம் பார்க்காமல் அம்மா ஊறுகாய்கூடப் போடமாட்டாள்.

அம்மா மேஸ்திரியிடம் திரும்பினாள். "உங்க வீட்டுக்கு எந்த மாசம் வாசக்கால் வச்சீங்க?"

"நான் வாடகை ஊட்லதாம்மா கீறேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அப்பாவிடம் சொன்னாள்: "தை வரைக்கும் காத்திருந்தா நாமளும் வாடகைக்குத்தான் போகணும். மார்கழியிலயே நடச் சொல்லுங்க. கிரகப்பிரவேசத்துக்கு மட்டும் நாள் நான்தான் பார்ப்பேன்."

மேஸ்திரி எழுந்திருப்பதற்குள், மனையில் தண்ணீருக்கு என்ன வழி என்று நான் ஆரம்பித்துவிட்டேன்.