மடுக்காட்டில் நின்ற வள்ளம்

"தக்காளி அரைக்கிலோ, வெங்காயம் ஒண்ணு, கிழங்கு ஒண்ணு, மிளகாய் கால். மொத்தம் ரெண்டேமுக்கால்," என்று சொல்லிவிட்டுப் பெற்றிசியா பையை நீட்டுவாள். உலகத்தில் மற்றவர்கள் சாமானை மட்டும் சொல்வார்கள். இவள் கூட்டுத்தொகையையும் சேர்த்துச் சொல்லுவாள். கைருன்னிசாவின் கடைக்குப் பக்கத்தில் மா அரைக்கிற மில் இரைந்துகொண்டிருக்கும். சொன்னதில் பாதி காதில் விழும், பாதி மாவோடு பறக்கும்.

"மூண்டு கிலோ வருதே, மகள்?"

"அப்ப ஏதோ பிழை, ராத்தா."

"எது பிழை?"

"அது தெரியாது. பிழை எண்டு மட்டும் தெரியும்."

"உன்னைக் கட்டப்போறவன் பாவம்," என்று கைருன்னிசா மறுபடி முதலிலிருந்து நிறுப்பாள்.

சண்டை முற்றிய காலத்தில் கடல் தாண்டிப் போன குடும்பம். பெற்றிசியா இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, ராமநாதபுரத்தில் இலத்திரனியல் டிப்ளோமா படித்துவிட்டு, வெள்ளாங்குளத்துக்கு மேற்கே உள்ள சொந்தக் கரைக்கே திரும்பி வந்தாள். கோபம் வந்தால் ஊர்த்தமிழ் பேசுவாள், கணக்கு வந்தால் இந்தியத் தமிழ் பேசுவாள். எதற்கும் "சரிங்க" என்பதால், மீன்பிடிக்கிற சுபாஸ் அவளைச் "சரிங்க அக்கா" என்றே கூப்பிடுவான்.

கடற்றொழிலாளர் சங்கத்தில் அவளுக்கு வேலை. சில வள்ளங்களில் சோப்புப்பெட்டி அளவில் ஒரு சின்ன ரேடியோ பூட்டியிருக்கிறது. 'நான் இங்கே நிற்கிறேன்' என்று அது ஒன்றும் பூச்சியமுமாகக் கரைக்குச் சொல்லும். சங்கத்துத் திரையில் ஒரு புள்ளி தெரியும். கச்சான் காற்றில் மிசின் நின்று வள்ளம் இழுபட்டால், எங்கே தேடுவது என்று சொல்ல அந்தப் புள்ளியை விட்டால் வேறு நாதியில்லை.

ஆனால் கடலும் கைருன்னிசாவின் மில்லும் ஒரே சாதி, சொன்னதைத் தின்றுவிடும். அதற்காக அந்தப் பெட்டி எதையும் மூன்று மூன்று தரம் சொன்னது. கோள்மூட்டுகிறவன்கூட இரண்டு தரத்தோடு நிறுத்துவான். அத்தனை சொல்லிக் களைத்து, வள்ளம் கரைக்கு வருமுன்பே பற்றரி செத்துப்போகும்.

"கரைக்கு வர முந்திச் சாகிற பெட்டி என்னத்துக்குப் பிள்ளை? அந்த இடத்திலை ரெண்டு கட்டி ஐஸ் வைக்கலாம்," என்றார் அமிர்தநாயகம் சம்மாட்டி. வள்ளங்கள் அவருடையவை. இடுப்பில் எப்போதும் ஒரு குறடு செருகியிருப்பார்.

பெற்றிசியா மூன்று தரத்தை ஒரு தரமாக்கினாள். ஒன்றும் பூச்சியமுமான பதினாறு குறிகளை நாலுக்கு நாலு கட்டமாக அடுக்கி, ஒவ்வொரு நிரைக்கும் ஒவ்வொரு நிரலுக்கும், அதிலுள்ள ஒன்றுகள் ஒற்றையா இரட்டையா என்று சொல்ல ஒரு காவல் குறி வைத்தாள். ஒரு குறி கெட்டால் ஒரு நிரையும் ஒரு நிரலும் முறைப்பாடு சொல்லும். இரண்டும் வெட்டுகிற இடத்தில் குற்றவாளி நிற்பான்.

"கோயில்லை எத்தினையாம் வாங்கு, அதிலை எத்தினையாம் ஆள் எண்டு சொன்னா, நித்திரை கொள்ளுறவனை ஃபாதர் நேரே போய்க் குட்டலாம் எல்லோ?" என்று சுபாஸுக்கு விளக்கினாள். முன்பு நாற்பத்தெட்டுக் குறி போன இடத்தில் இப்போது இருபத்துநாலு போதும். பற்றரிக்குப் பாதிச் சுமை குறைந்தது.

கரையில் வைத்துப் பார்த்தாள், பிசகில்லை. கடலுக்குப் போனதும் சுபாஸின் புள்ளி துள்ளிப்போய், தரையில் மடு மாதா கோயிலைச் சுற்றிய காட்டுக்குள் நின்றது.

"என்னட்டைக் கடலுக்கு எண்டு சொல்லிப்போட்டு, தனியா மாதாவிட்டையோ போனவர்?" என்று சுபாஸின் மனைவி சிசிலியா இடுப்பில் கைவைத்தாள். கரை முழுக்கச் சிரித்தது. சம்மாட்டி மட்டும் சிரிக்கவில்லை.

"மிசின் நிண்டிருந்தா இவனை மான் திரியிற காட்டிலை எல்லோ தேடியிருப்பம்? மடுப் பெருநாள் முடியட்டும். எல்லாப் பெட்டியையும் வெட்டி எறியிறன்."

மறுநாள் பெற்றிசியா தானே வள்ளத்தில் ஏறி, வாந்தியும் எடுத்து, விசயத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அலை உயர்ந்து பெட்டியை மறைக்கும்போது பக்கத்துப் பக்கத்துக் குறிகள் நாலைந்து ஒன்றாகச் சாகின்றன. ஒருவன் விழுந்தால் கட்டம் தூக்கிவிடும். குடும்பமே விழுந்தால், பாவம், பிழையான ஆளைத் தூக்கிவிடும்.

பெருநாளுக்கு மடு பஸ் ஏறினார்கள். அவளுடைய தாய் செலீனாவுக்கு ஒரு பழக்கம். பஸ் வெறுமையாகக் கிடந்தாலும் வீட்டாரை ஒன்றாக இருக்க விடமாட்டாள்.

"நீ முன்னுக்கு இரு. தம்பி நடுவிலை. நான் பின்னுக்கு."

"என்னம்மா, வீட்டிலை சண்டையோ?" என்று கண்டக்டர் கேட்டான்.

செலீனா கடைசி இருக்கையில் போய் இருந்தாள். கடல் தாண்டிய அன்று அவள் பிள்ளைகளை வேறு வேறு வள்ளத்தில் ஏற்றினவள். ஒன்று மூழ்கினாலும் மிச்சம் கரைசேரட்டும் என்று ஏற்றினாள். எல்லாரும் கரைசேர்ந்தார்கள். அவளுக்குத்தான் இன்னும் கரை வரவில்லை.

இந்தப் பழக்கத்தால் பெற்றிசியாவுக்கு எப்போதும் வெட்கம், யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். அன்று திரும்பிப் பார்த்தாள். நடுவில் தம்பி, கடைசியில் அம்மா. பார்த்தபடியே இருந்தாள். மடுவில் மெழுகுதிரியைக் கொளுத்த மறந்து, முழந்தாளில் இருந்தபடி மணலில் கட்டம் கீறினாள்.

ஊருக்கு வந்ததும் மாற்றினாள். ஒரு கட்டத்தின் குறிகளைச் சேர்த்து அனுப்பாமல், ஐந்து கட்டங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் முதலாவது, பிறகு ஒவ்வொன்றிலும் இரண்டாவது என்று பிரித்து ஏற்றினாள். அலை ஐந்தை விழுங்கினாலும் கட்டத்துக்கு ஒன்றுதான் போகும். ஒன்றை இழந்தால் மீட்கத் தெரியும். மேலதிகமாக ஒரு குறிகூடச் சேர்க்கவில்லை.

கச்சான் இரைந்த ஒரு நாள் சம்மாட்டி குறட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்து திரையைப் பார்த்தபடி நின்றார். சுபாஸின் புள்ளி நின்றது. பிறகு மெல்ல வடக்கே நகர்ந்தது.

"மிசின் நிண்டிட்டுது. இழுபடுறான்," என்றாள்.

"இது கடல்தானே பிள்ளை? காடில்லையே?"

"கடல்தான். ஆளை அனுப்புங்கோ."

குரலில் தளம்பல் இல்லை. அவர் இன்னொரு வள்ளத்தை நேரே அந்த இடத்துக்கு விரட்டினார். சுபாஸைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தபோது பெட்டி இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

மிச்ச வள்ளங்களுக்கும் பூட்டச் சொன்னார் சம்மாட்டி. புதுப் பெட்டிகள் வந்ததும் சுபாஸ் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுத் தோளில் தூக்கினான். "சரிங்க அக்கா, போவமே?"

அவள் சாக்கை இறக்கச் சொன்னாள். ஒரு பெட்டியை அவனிடம் கொடுத்தாள், ஒன்றைச் சிசிலியாவிடம், ஒன்றைக் குறடு வைத்திருந்த சம்மாட்டியின் மற்றக் கையில். கடைசிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவர்களை ஒருவர்பின் ஒருவராக இடைவெளி விட்டு முன்னால் போகவிட்டு, பின்னால் நடந்தாள்.