நாலு மணி நேரமும் கடைசி வரியும்

எங்கள் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் அவளுக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர். டீ ஆற எத்தனை நிமிடம் என்றுகூடக் குறித்து வைப்பாள். அந்தப் பட்டத்தைச் சூட்டியவன் நான்தான். பிறகு அதற்காக வெட்கப்பட்டதும் நான்தான்.

பழைய டேட்டாபேஸிலிருந்த ஒன்பது லட்சம் நோயாளிகளின் பதிவுகள் புதியதற்குப் போயாக வேண்டும். அப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் மென்பொருளுக்கு கனெக்டர் என்று பெயர். அதற்காக ஞாயிறு காலை எட்டு முதல் பன்னிரண்டு வரைதான் புறநோயாளிப் பிரிவுகளை மூடித் தருவார்கள். விற்க வந்த கம்பெனிக்காரரின் கனெக்டர் இரண்டே மணி நேரத்தில் முடித்தது. இலவசமாகக் கிடைத்த இன்னொன்று பதினோரு மணி நேரம் இழுத்தடித்தது. மேலாளர் கம்பெனிக்காரருக்குக் கைகொடுத்தே விட்டார்.

இவள் சும்மா இருந்தால்தானே. நிஜப் பதிவுகளின் நகலை இரண்டிலும் ஓட்டிவிட்டு, வழக்கம்போல் தன் வீட்டுக்காரரின் பதிவைத் திறந்தாள். மனிதர் புலம்பல் மன்னர்; அவர் சொன்னதை எழுதியே டாக்டருக்குக் கை ஓய்ந்திருக்கும். அந்த நீளக் குறிப்பின் கடைசி வரியில்தான் எந்த ஊசி அவருக்கு ஆகவே ஆகாது என்று இருக்கும். இலவசக் கனெக்டர் கொண்டுவந்த பதிவில் அது இருந்தது; வேகமான கனெக்டர் கொண்டுவந்த பதிவில் அந்த வரியே இல்லை. இருநூற்றைம்பத்தைந்து எழுத்துக்கு மேல் இருந்ததைச் சத்தம் காட்டாமல் வெட்டியிருந்தது. முதல் சோதனைக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த போலிக் குறிப்புகளெல்லாம் காய்ச்சல், இருமல் என்று ஒற்றை வார்த்தை. பதிவுகளை எண்ணினோம், நேரம் பார்த்தோம், முடிந்தது என்று எழுந்துவிட்டோம். நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அதைச் சரிசெய்ய மூன்று மாதமாகும், நீளக் குறிப்பு எத்தனை பேருக்கு இருக்கப்போகிறது என்றார் கம்பெனிக்காரர். அவள் அதையும் எண்ணி வைத்திருந்தாள்.

"நாப்பத்தோராயிரம் பேருக்கு இருக்கு சார். அதுல ஒருத்தர் எங்க வீட்ல இருக்கார்."

சனிக்கிழமைக்குள் இலவசக் கனெக்டரை நாலு மணி நேரத்துக்குள் அடக்கிக் காட்டு, இல்லையென்றால் கம்பெனிக்காரருடையதுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். இலவசக் கனெக்டர் பதிவுகளை ஒவ்வொன்றாக அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் பதில் வரும்வரை காத்திருந்தது. இரண்டாயிரம் இரண்டாயிரமாகக் கட்டி அனுப்ப வைத்தாள். ஆறு மணி நேரமானது. பிறகு என்ன முட்டி மோதியும் நாலே முக்காலுக்குக் கீழே இறங்கவில்லை. சனிக்கிழமை காலையில்தான் பொறி தட்டியது. ஒவ்வொரு பதிவும் இறங்கும்போது புதிய டேட்டாபேஸ், பதிவுகளைச் சட்டென்று கண்டெடுக்க வைத்திருக்கும் தன் தேடல் அட்டவணையையும் திருத்திக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி வைத்து, எல்லாம் இறங்கிய பிறகு மாட்டினாள். மூன்று மணி இருபது நிமிடம். நான் நாற்காலியிலிருந்து துள்ளியே விட்டேன்.

ஞாயிறு பதினொன்று இருபத்தாறுக்கு வேலை முடிந்தது. நாற்பத்தோராயிரம் குறிப்புகளின் நீளமும் பழையதோடு அப்படியே ஒத்துப்போனது. வீட்டுக்காரரின் பதிவைத் திறந்தாள். கடைசி வரி இருந்தது. போனை எடுத்தாள்.

"உங்க புலம்பல் ஒரு எழுத்து குறையாம வந்து சேர்ந்துடுச்சுங்க."

இப்போது முட்டிவலியும் சேர்ந்திருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளச் சொல் என்றார் அவர். மேலாளர்கூடச் சிரித்துவிட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கதவைத் திறக்கச் சொல்லுங்க சார். இன்னும் முப்பது நிமிஷம் மிச்சம் இருக்கு."